அண்ணனோடு பழனிக்கு நடப்பதற்கு முன்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2027 தைப்பூசத்துக்கு ஓர் அண்ணனும் தங்கையும் காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கப் போகிறார்கள். தங்கைக்கு 33 வயது, அண்ணனுக்கு 45. இருவருக்கும் இதுதான் முதல் நடை. அண்ணனுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் ஓடுகிறது. அம்மாவின் அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தால் செருப்பில்லாமல் நடந்து வருவதாக அவர் நேர்ந்துகொண்டிருக்கிறார். எப்படித் தயாராவது என்று தங்கை கேட்கிறார்.

நான் பதினொரு முறை நடந்திருக்கிறேன், அதில் நான்கு முறை அக்காவோடு. எங்கள் குழுவில் மருந்துப் பை என் தோளில்தான் இருக்கும். அதனால் அடுத்தவர் கால்களை நிறையப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அக்காவோடு நான் செய்த தப்பு. அவள் மெதுவாக நடப்பவள், எனக்கோ வேகக் கால். நான் முன்னால் போய் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். கால் மணி நேரம் கழித்து அவள் வந்து சேருவாள். அவளைப் பார்த்ததும், "வந்துட்டியா, சரி கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவேன். எனக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓய்வு, அவளுக்கு ஒன்றிலும் இல்லை. இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் நத்தத்துக்கு முன்னால் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தாள், காலுறையைக் கழற்றினாள். குதிகாலில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம், உடைந்து காலுறையோடு ஒட்டியிருந்தது. "ஏன் சொல்லல?" என்றேன். "நீ சிரிப்ப" என்றாள். திண்டுக்கல் வரும்வரை என்னோடு பேசவில்லை.

உடன்பிறந்தவரோடு நடப்பதில் இருக்கும் வம்பே இதுதான். குழுவில் முன்பின் தெரியாதவரிடம் "கால் வலிக்கிறது, கொஞ்சம் நில்லுங்கள்" என்று கூசாமல் சொல்லிவிடுவோம். அண்ணனிடமும் அக்காவிடமும் சொல்ல மாட்டோம். அவர்கள் முகம் சுளித்தாலும் "இது எப்பவும் இப்படித்தான்" என்று விட்டுவிடுவோம். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருப்போம், ஆனால் இருவரும் சேர்ந்து பத்து கிலோமீட்டர் நடந்திருக்க மாட்டோம். அதனால் காலைப் பழக்குவதோடு, ஒருவர் நடையை இன்னொருவர் படிப்பதும் தயாரிப்பில் பாதி.

அண்ணனின் காலிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். சர்க்கரை சில வருடம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மெல்லக் குறையலாம். குறைந்திருப்பது அவருக்கே தெரியாது, வலி தெரியாமல் போவதுதானே அந்தக் குறையே. கல் குத்தும், தார் சுடும், கொப்புளம் உடையும், மனிதர் அரோகரா சொல்லிக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார். ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர் இரவு கால் கழுவ உட்கார்ந்தபோது உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. காலையிலிருந்து அதோடு நடந்திருக்கிறார். "லேசா உறுத்துச்சு" என்றார். புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று.

ஆகவே மாலை போடுவதற்கு முன்னால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை. காலில் நாடித்துடிப்பு சரியாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அதோடு இரத்த அழுத்தம், கண், இதயம். இந்த வயதில் சர்க்கரையோடு முதல்முறையாக 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்கப் போகிறவர் டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டுவிடுவது நல்லது. உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் வெறுங்கால் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. உணர்ச்சி சரியாக இருந்தாலும் சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு நெடுஞ்சாலையில் நடப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் நேர்த்திக்கடன் என்று ஒன்று இருக்கிறது. தங்கை சொல்லி எந்த அண்ணனும் செருப்புப் போட்டுக்கொண்டதாக நான் பார்த்ததில்லை, அதனால் நீங்கள் சொல்லிப் பார்க்கவே வேண்டாம். மருத்துவர் சொல்லட்டும், அதற்குமேல் குருசாமி சொல்லட்டும். அனுபவமுள்ள குருசாமிகள் இந்த மாதிரி எத்தனையோ பார்த்திருப்பார்கள். வெறுங்காலுக்குப் பதிலாக முடிகாணிக்கை, பால்குடம், அன்னதானத்துக்கு அரிசி என்று மனதுக்கு ஒப்பும்படி மாற்றிக் கொடுப்பார்கள். அம்மாவே ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது, யாருக்காக நேர்ந்தாரோ அவர் சொல்லை மீற மாட்டார். எப்படியும் மலையில் செருப்பு இல்லை. 693 படியும் வெறுங்காலோடுதான். அதை விடியற்காலையில் ஏறிவிட வேண்டும், நண்பகலில் கல் சுடும்.

காலுக்கு என்ன போடுவது? அவருக்கு எம்.சி.ஆர். என்னும் மென்மையான ரப்பர் அடிப்பாகம் வைத்த, பின்வார் உள்ள செருப்பா, முன்பக்கம் அகலமான ஷூவா என்பதைப் பாதம் பார்த்து மருத்துவர் சொல்வார். உங்களுக்கு விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும் ஷூ போதும். சாயங்காலம் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நின்ற பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும், நடையிலும் அப்படித்தான் பெருக்கும். நடைக்கென்று கிளம்புகிற வாரம் புது ஷூ வாங்குகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் என் மருந்துப் பைக்கு வருகிறார்கள். குறைந்தது 100 கிலோமீட்டராவது அதே ஷூவில் ஊரிலேயே நடந்திருக்க வேண்டும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துவைத்துத் தோலை ஊறவைக்கும். விளையாட்டுக்காரர்கள் போடும் செயற்கை இழைக் காலுறை மூன்று ஜோடி எடுங்கள், ஒவ்வொரு பெரிய நிறுத்தத்திலும் மாற்றுங்கள். கழற்றியது பையின் வெளியே தொங்கிக் காயட்டும். ஷூவை மாட்டுமுன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க அண்ணனைப் பழக்குங்கள், ஒரு சின்னக் கல் போதும்.

பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரம் வேண்டும். 2027-இல் தைப்பூசம் ஜனவரி 22. அதற்கு ஒரு வாரம் முன்னால் கிளம்ப வேண்டும் என்றால் அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு முன்பே நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். கார்த்திகை மழை சில நாட்களைத் தின்றுவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு நான்கைந்து கிலோமீட்டர். பிறகு வாரம் ஒரு நாள் மட்டும் நீள நடை: எட்டு, பத்து, பன்னிரண்டு என்று ஏற்றிக்கொண்டே போய் எட்டாவது வாரம் 18 தொடட்டும். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். யாத்திரையில் ஆளைச் சாய்ப்பது இரண்டாம் நாள் காலை, முந்தைய நாள் வலியோடு மறுபடி எழுந்து நடப்பது. அதனால் மார்கழியில் ஒரு சனி, ஞாயிறு பார்த்து இரண்டு நாளும் அடுத்தடுத்து 18 கிலோமீட்டர் நடந்து பாருங்கள், யாத்திரையில் சுமக்கப் போகும் அதே பையோடு. கடைசி வாரம் லேசாக விட்டுவிடுங்கள்.

நீள நடைகளில் குறைந்தது மூன்றை இருவரும் சேர்ந்தே நடக்க வேண்டும். அதில் ஒன்றாவது விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்புவதாக இருக்கட்டும். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், வேகக்காரர் பின்னால். முதல் ஒரு மணி நேரம் வேகக்காரருக்கு எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். ஓய்வு எவ்வளவு நேரம் என்ற கணக்கு கடைசியாக வந்து சேருபவர் உட்கார்ந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்கும். இந்த ஒரு விதியை நானும் அக்காவும் அடுத்த வருடம் வைத்துக்கொண்டோம், அதற்குப் பிறகு வழியில் சண்டை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி பழைய வீட்டு விஷயம், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

வழி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நகரத்தார் காவடிகள் நூற்றாண்டுகளாகக் குன்றக்குடியிலிருந்து போகும் பாதை அது, தை மாதத்தில் கூட்டமே வழி காட்டும். காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. பழகியவர்கள் ஐந்து நாளில் முடிப்பார்கள். முதல்முறை என்பதால் நீங்கள் ஏழு நாளாகப் பிரியுங்கள். நத்தம், திண்டுக்கல் இடையே 35 கிலோமீட்டருக்கு மேல் வரும், அதை ஒரே நாளில் விழுங்கப் பார்க்காமல் கோபால்பட்டிப் பக்கம் ஓர் இரவு தங்கிவிடுங்கள். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் சுமார் 60 கிலோமீட்டர், அதுவும் இரண்டு நாள். பூசத்தன்றே போய்ச் சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லையென்றால் இரண்டு நாள் முன்னாடியே சேருங்கள். விழா பத்து நாள் நடக்கிறது. பூசத்தன்று வீங்கின காலோடு வரிசையில் மணிக்கணக்காக நிற்பது நடையைவிடக் கொடுமை.

அதிகாலை மூன்றுக்குக் கிளம்பி ஒன்பது, பத்து மணிக்கு நிறுத்துவது, மறுபடி நாலரைக்குக் கிளம்பி இருட்டு கனக்கும் முன் தங்குவது என்பதுதான் நல்ல முறை. இருட்டில் நடக்கும்போது சாலையின் வலது ஓரம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக. ஒளிரும் பட்டையை எல்லோரும் முதுகுப் பையில் ஒட்டிக்கொள்கிறார்கள். எதிரே வரும் ஓட்டுநருக்கு உங்கள் முதுகா தெரியும்? மார்பிலும் ஒன்று ஒட்டுங்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பதை அண்ணன் செய்தாலும் தங்கை செய்தாலும் பிடுங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

இனி சர்க்கரை மாத்திரையும் சாப்பாடும். நடை சர்க்கரையை இறக்கும், விரதமும் அதை இறக்கும், மாத்திரை மூன்றாவதாகச் சேர்ந்துகொள்ளும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. கிளிமிபிரைடு வகை சேர்ந்திருந்தால் வெறும் வயிற்றோடு நடக்கையில் சர்க்கரை சட்டென்று தாழும். டபாகிளிப்ளோசின் வகை என்றால் உடம்பின் நீர் வற்றுவதும் பட்டினியும் வேறு சிக்கலைக் கொண்டுவரும். எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். ஒருவேளை உணவு விரதம் அவருக்கு ஆகாது. அசைவம் இல்லை, தரையில் படுக்கை, அதிகாலைக் குளியல் என்ற மற்ற நியமங்களை அவர் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும்.

சர்க்கரை பார்க்கும் கருவியையும் பட்டைகளையும் உங்கள் பையில் வையுங்கள். கிளம்பும் முன் 100-க்குக் கீழே காட்டினால் எதையாவது சாப்பிட்டுவிட்டு நடக்கட்டும். 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பாருங்கள். நடுக்கம், வியர்வை எல்லோருக்கும் தெரிந்த அறிகுறிகள். இன்னொன்று இருக்கிறது, அது உங்களைத்தான் ஏமாற்றும்: காரணமில்லாத கோபம். அண்ணன் ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுந்தால், பதிலுக்குப் பதில் பேசும் முன் விரலைக் குத்திப் பாருங்கள். "சின்ன வயசிலிருந்தே இவன் இப்படித்தான்" என்று முறைத்துக்கொண்டு நூறடி தள்ளி நடந்துவிட்டால், விழும்போது பிடிக்க ஆள் இருக்காது.

மறுபக்கம், வழி நெடுகிலும் அன்னதானம். பொங்கல், புளியோதரை, கேசரி, பானகம், சர்க்கரை போட்ட சுக்குக் காபி. வேண்டாம் என்றால் கொடுப்பவர் முகம் வாடும், வாங்கினால் மீட்டர் ஏறும். கையில் சின்னக் கிண்ணம் ஒன்று இருந்தால் பிரசாதம் என்று ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். வறுத்த கடலை, சுண்டல், மோர் அவருக்குக் கைகொடுக்கும். பழனிக்கு முன்னால் ஆயக்குடியில் கொய்யா குவித்து வைத்திருப்பார்கள். அதில் ஒன்று சாப்பிட்டுக்கொள்ளட்டும், பாவம்.

உங்களுக்கென்று சில. கழிப்பிடத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கும் பெண்களை வருடாவருடம் பார்க்கிறேன். நான்காம் நாள் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து வண்டியில் ஏறுவார்கள். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், வழியில் தெரிந்தவர் வீடு என்று ஒத்திகை மாதிரி முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். மாதவிடாய் தேதி அந்த வாரத்தில் விழுமா என்று இப்போதே கணக்குப் பாருங்கள். விழும் என்றால் என்ன செய்வது என்பது உங்கள் வீட்டு வழக்கம், உங்கள் மனசு. தள்ளிப்போடும் மாத்திரை எடுப்பதாக இருந்தால் மகப்பேறு மருத்துவரைக் கேட்டு மட்டும், குழுவில் யாரோ கொடுக்கும் அட்டையிலிருந்து வேண்டாம். எதுவானாலும் அண்ணனிடம் ஊரிலேயே சொல்லிவிடுங்கள். நடுவழியில் புளியமரத்தடியில் நின்று சொல்ல வேண்டி வந்தால் இருவருக்கும் சங்கடம். தொடை உரசல் இருவருக்குமே வரும். அவர் வேட்டிக்குள் முழங்கால் தொடும் இறுக்கமான கால்சட்டை, நீங்கள் சுடிதாருக்குள் அதேபோல் ஒன்று, கிளம்பும் முன் வாஸலின் தடவல், அவ்வளவுதான்.

கொப்புளத்துக்கு ஊசியில் நூல் கோத்து உள்ளே விட்டு, நூலை அப்படியே விட்டுவிடுவார்கள் பழைய ஆட்கள். நீர் வடிந்துவிடும், உண்மைதான். அந்த நூல் வழியாகவே அழுக்கும் உள்ளே போகும். உங்கள் காலில் சின்னக் கொப்புளம் என்றால் உடைக்காமல் மேலே பிளாஸ்திரி ஒட்டுங்கள். தோல் சூடாக உறுத்தத் தொடங்கும்போதே, கொப்புளம் ஆகும் முன்பே ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. பெரிதாகி நடக்க முடியவில்லை என்றால் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை விட்டு, மேல்தோலை உரிக்காமல் கட்டுங்கள். அண்ணன் காலில் வந்தால் எதுவும் செய்யாதீர்கள், நேராக மருத்துவ முகாமுக்கோ மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். ஒவ்வொரு இரவும் அவர் உள்ளங்காலை டார்ச் அடித்து நீங்கள் பார்க்க வேண்டும், அவரால் தன் பாதத்தை முழுதும் பார்க்க முடியாது. முதல் இரவு கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார். பதிலுக்கு உங்கள் காலை அவர் பார்க்கட்டும், சரியாகிவிடும்.

இரண்டு பேர் மட்டும் தனியாகப் போகாமல், வண்டி கூட வரும் குழு ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள். பெரிய பை வண்டியில் போகும், முதுகில் மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பல ஊர்க் கூட்டமும் கலந்துவிடும், கைப்பேசி எடுக்காது. பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது என்று தினமும் காலையில் ஓர் இடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். இருவரின் மாத்திரைப் பட்டியலும் வீட்டு எண்ணும் ஒரு தாளில் எழுதி ஒருவருடையது இன்னொருவர் பையில் இருக்கட்டும்.

யார் முடியாமல் போனாலும் மற்றவர் என்ன செய்வது என்பதையும் ஊரிலேயே பேசுங்கள். தங்கை வண்டியேறினால் அண்ணன் தொடர்ந்து நடக்கலாமா? அண்ணனை மருத்துவமனையில் சேர்த்தால் நேர்த்திக்கடனை நீங்கள் முடித்துவைப்பீர்களா? என் அக்கா இரண்டாவது வருடம் ரெட்டியார்சத்திரத்தில் காய்ச்சலோடு வண்டியேறினாள். "நீ நட, என் பங்குக்கும் சேர்த்துக் கும்பிடு" என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்ததால் எனக்கு அது பாரமாக இல்லை.

பழனியில் அடிவாரத்தில் திருவாவினன்குடியில் கும்பிட்டுவிட்டு மலையேறுவது வழக்கம். கால் ஒத்துழைக்கவில்லை என்றால் இழுவை ரயிலான விஞ்சில் ஏறுவதில் குறைவொன்றும் இல்லை, 1966-லிருந்து எத்தனையோ காலில்லாத பக்தர்களை அது ஏற்றியிருக்கிறது. இறங்கின கையோடு பேருந்துக்கு முண்டியடிக்காமல் ஓர் இரவு தங்கி, கால்களைச் சுவரில் உயர்த்தி வைத்துத் தூங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள். நீள நடை முடிந்தபிறகும் ஓரிரு நாள் சர்க்கரை தாழ்ந்தே இருக்கலாம். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் அண்ணன் பழைய அளவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் தூங்கிவிடப் போகிறார். அன்று இரவு படுக்கும் முன்னும் ஒருமுறை விரலைக் குத்திப் பாருங்கள், பஞ்சாமிர்தத்தை அதற்கப்புறம் பிரிக்கலாம்.